அடையாறு காக்கைகளும் என் வீட்டுக்காரரும்

ஹெல்மெட் போட்டுக்கொண்டு செம்பருத்திச் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் மனிதரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். அவருக்குத்தான் கழுத்தை நீட்டியிருந்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஏதோ ஒரு ஆடி மாதம். அடையாற்றில் எங்கள் வீட்டின் முன்பக்கத் தோட்டம். காலை ஏழு மணி இருக்கும். என் வீட்டுக்காரர் சேகர் நிற்கிறார். மடித்துக் கட்டிய லுங்கி, கைவைத்த பனியன், தலையில் சிவப்பு ஹெல்மெட், கையில் பிளாஸ்டிக் குடம். குடத்தைச் சாய்த்தபடியே ஓரக்கண்ணால் வேப்பமரத்தைப் பார்க்கிறார். சர்ரென்று ஒரு காக்கை இறங்குகிறது. ஹெல்மெட்டில் 'டொக்'கென்று ஒரு கொத்து. பிறகு எதிர்வீட்டு ஆன்டெனாவில் போய் உட்கார்ந்து அலகைத் துடைத்துக்கொள்கிறது. இவர் குடத்தைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடி வருகிறார்.

பால் பாக்கெட்டோடு அந்தப் பக்கம் போன எதிர்வீட்டுக்காரர் நிதானமாகக் கேட்டார்: "என்ன சார், வண்டிய எங்க காணோம்?"

நான் சிரித்தேன். கட்டிய மனைவி இப்படிச் சிரிக்கலாமா என்று கேட்காதீர்கள். என் இடத்தில் நீங்கள் இருந்திருந்தால் தரையில் உருண்டிருப்பீர்கள். ஆனால் அடுத்த பத்தே நாளில் அந்தக் காக்கைக்கு முன்னால் எங்கள் குடும்பமே கைகட்டி நிற்க வேண்டியிருந்தது. அதைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

குடியிருந்தவர்கள்

போன வாரம் தண்ணீர் லாரி வரிசையில் என் பித்தளைக் குடம் கைமாறிய கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, "உங்கள் வீட்டுக் கதையில் எப்போதும் மனிதர்கள் சண்டை போட்டுக்கொண்டே இருக்கிறார்களே, அலுக்கவில்லையா?" என்று எழுதியிருக்கிறார். அம்மா, பறவைகளும் சண்டைதான் போட்டன. நான் என்ன செய்ய?

தோட்டம் என் மாமனார் போட்டது. துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர் அவர், பெயர் துரைசாமி. நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். வேம்பு, கொய்யா, முருங்கை, சுவர் ஓரமாக நாலைந்து செம்பருத்தி. பெரிய தோட்டம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஆற்றங்கரைப் பக்கமிருந்தும், கொஞ்சம் தள்ளியிருந்த பெரிய மரத்தோப்பிலிருந்தும் பறவைகள் வந்துகொண்டே இருக்கும்.

அதில் ஒரு தேன்சிட்டு. ஆண். கட்டைவிரல் அளவுதான், ஊதாவும் கறுப்புமாக மின்னும். காலையில் இவருடைய ஸ்கூட்டர் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துவிட்டு, எவனோ வந்துவிட்டான் என்று அதை அடிக்க ஆரம்பிக்கும். அடிக்கும், பின்வாங்கும், கைப்பிடியில் உட்கார்ந்து மூச்சு வாங்கும், மறுபடி அடிக்கும். ஒன்பது மணிக்கு இவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு ஆபீஸ் போவார். தேன்சிட்டு மதில்மேல் உட்கார்ந்து நாலாப்பக்கமும் பார்த்து ஒரு கத்துக் கத்தும். தான் துரத்தித்தான் அவன் ஓடிவிட்டான் என்று நினைப்பு. பாவமாக இருக்கிறதே என்று நான் ஒருநாள் கண்ணாடிக்குப் பழைய காலுறையை மாட்டி வைத்தேன். அரை மணி நேரம் காலுறையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பொழுது போகவில்லை போலும். மறுநாள் நானே கழற்றிவிட்டேன்.

மைனா ஜோடி ஒன்று இருந்தது. பறக்கத் தெரிந்தும் நடந்துதான் வரும். பின்கட்டைத் தாண்டி, சமையலறை வாசற்படியில் நின்று, உள்ளே எட்டிப் பார்த்து, ஒன்றுக்கொன்று ஏதோ சொல்லிக்கொண்டு திரும்பிப் போய்விடும். என் சமையலைப் பற்றித்தான் பேசின என்பதில் எனக்கு இன்றுவரை சந்தேகமில்லை.

தவிட்டுக்குருவிகள் எட்டு ஒன்பது சேர்ந்தாற்போல் வந்து இறங்கும். ஒன்று ஒரு சருகைப் புரட்டும், மற்ற எல்லாம் ஏன் புரட்டினாய் என்று கத்தும். நான் மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தேன். எங்கள் ஆசிரியர் அறையிலும் மத்தியானம் இதே சத்தம்தான் கேட்கும்.

நல்லது செய்யப் போய்

வேப்பமரத்தின் உச்சியில் காக்கைக் கூடு. கம்பியும் குச்சியும் யாரோ தொலைத்த பிளாஸ்டிக் சீப்பும் வைத்துக் கட்டியது. ஆனி கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிலிருந்து ஒரு குஞ்சு கீழே விழுந்துவிட்டது. கறுகறுவென்று, பாதி இறகு முளைத்து, வாயைத் திறந்தால் உள்ளே சிவப்பாக இருந்தது. மதில்மேல் பக்கத்துவீட்டுப் பூனை ஏற்கெனவே வந்து உட்கார்ந்துவிட்டது.

இவருக்கு இளகிய மனசு. முக்காலியைப் போட்டு ஏறி, குஞ்சை இரண்டு கையிலும் ஏந்தி, மரத்தின் கவட்டையில் பத்திரமாக வைத்துவிட்டு இறங்கினார். பெற்ற தாய்கூட அவ்வளவு மெதுவாக வைத்திருக்க மாட்டாள்.

காக்கைக்கு அதெல்லாம் தெரியுமா? குஞ்சைக் கையில் எடுத்தான், அவ்வளவுதான் அது பார்த்தது. முக்காலியிலிருந்து இறங்குவதற்குள் முதல் கொத்து விழுந்தது.

அன்றிலிருந்து ஆரம்பித்தது பகை. என்னை ஒன்றும் செய்யாது. வீட்டு வேலை செய்யும் சரோஜாவை ஒன்றும் செய்யாது. பூனையைக்கூட மன்னித்துவிட்டது. இவர் தலை வெளியே தெரிந்தால் போதும், ஆணும் பெண்ணுமாக இரண்டு காக்கையும் மாறி மாறி இறங்கும். போதாததற்கு நாலு தெருக் காக்கைகளையும் கூப்பிட்டு ஆளை அடையாளம் காட்டிக் கொடுத்தாகிவிட்டது.

குடை பிடித்துப் பார்த்தார். மடக்கும்வரை காத்திருந்து கொத்தின. துண்டால் முக்காடு போட்டுப் பார்த்தார். துண்டு போய் முருங்கை மரத்தில் தொங்கியது.

"மீசைய எட்து பாரேன் சார், ஆளு தெர்யாது" என்றாள் சரோஜா. ராயபுரத்துப் பெண், எதையும் யோசித்துச் சொல்லும் வழக்கமில்லை. இந்த மனிதரும் அதைக் கேட்டு மீசையை எடுத்தார். ஆபீசில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லையாம். காக்கைக்குத் தெரிந்தது.

இதையெல்லாம்விட வேடிக்கை, இவர் கையால் வைத்த எதையும் அவை தொடுவதில்லை. நான் மதில்மேல் ஒரு பிடி சாதம் வைத்தால் திரும்புவதற்குள் காலி. இவர் வைத்தால் அது அப்படியே காய்ந்து கிடக்கும்.

திருவல்லிக்கேணி போட்ட நிபந்தனை

இங்கே கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும். சிரிப்பை ஒரு நிமிஷம் ஓரமாக வையுங்கள்.

மாமா இறந்தது அதற்கு முந்தின ஆடியில். அவர் என் வீட்டுக்காரரைப் பெற்ற அப்பா அல்ல. இவருக்கு நாலு வயதாக இருக்கும்போது கணவனை இழந்து நின்ற என் மாமியாரை, தானாகப் போய்க் கேட்டுக் கல்யாணம் செய்துகொண்டவர். அந்தக் காலத்தில் அது சின்ன விஷயமில்லை. அவர் வீட்டிலிருந்து ஒருவரும் கல்யாணத்துக்கு வரவில்லை. பையனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது தன் பெயரின் முதல் எழுத்தையே இனிஷியலாகப் போட்டார். அதற்குப் பிறகு அவர்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை. மாமியார் எங்கள் கல்யாணத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். நான் அந்த வீட்டுக்கு வாழ வந்து, அப்பாவும் மகனும் ஒரே பேப்பரை இரண்டாகப் பிரித்துப் படிப்பதைப் பார்த்து, ஆறு மாதம் கழித்துத்தான் எனக்கு விஷயமே தெரியும்.

மாமாவின் அக்கா திருவல்லிக்கேணியில் இருந்தார். எங்களுக்கு அத்தை. தம்பியை எப்போதோ மன்னித்துவிட்டார். ஆனால் இவரை மட்டும் "அந்தப் பையன்" என்பதைத் தாண்டிக் கூப்பிட்டதில்லை. மாமா போனபோது, "ரத்த சம்பந்தம் உள்ளவன்தான் கொள்ளி வைக்கணும்" என்று பிடிவாதமாக நின்று, பங்காளி மகன் குமரேசனை வைத்துக் காரியத்தை முடித்துவிட்டார். இவர் சுடுகாட்டில் ஒரு ஓரமாக நின்றிருந்தார். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுப் படுத்தவர் இரண்டு நாள் பேப்பரைக்கூடத் தொடவில்லை. எனக்கு அந்த அத்தைமேல் இருந்த கோபத்தை எழுதினால் பத்திரிகை ஆசிரியர் இந்தப் பக்கத்தைக் கிழித்துப் போடுவார்.

முதல் வருஷத் திதி நெருங்கியபோது இவர் நேராகத் திருவல்லிக்கேணிக்குப் போனார். நானும் பின்னால் உட்கார்ந்து போனேன்.

"அத்தை, அப்பாவுக்குத் திதி நான்தான் குடுப்பேன். நம்ம வீட்லதான். நீங்க எல்லாரும் வரணும்."

அத்தை வெற்றிலையை மென்று முடித்தார். பிறகு சொன்னார்: "சரி, குடு. வேணாங்கல. ஆனா நீ வெக்கிற சோத்தைக் காக்கா வந்து எடுக்கணும். எடுத்துச்சுன்னா எந்தம்பி ஒத்துக்கினான்னு நானும் ஒத்துக்கறேன். எடுக்கலன்னா வர வருஷத்துலேர்ந்து குமரேசன் குடுப்பான். அப்புறம் என்னாண்ட வந்து நிக்கக் கூடாது."

எங்கள் பக்கம் வழக்கம் அதுதான். படையல் போட்டு, காக்கைக்கு வைத்து, அது வாய் வைத்த பிறகுதான் வீட்டில் இலை போடுவார்கள். செத்துப்போனவரே காக்கையாக வந்து சாப்பிடுகிறார் என்று நம்பிக்கை. அத்தை ஒன்றும் ஊரில் இல்லாததைக் கேட்டுவிடவில்லை. எங்கள் வீட்டுக் காக்கையைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது.

திரும்பி வரும்போது மயிலாப்பூரைத் தாண்டினோம். சிக்னலில் வண்டியை நிறுத்திவிட்டு இவர் சொன்னார்: "மெட்ராஸ்ல இருக்கிற எந்தக் காக்காவை வேணா நம்பலாம்டி. நம்ம வீட்டுக் காக்காவை எப்படி நம்பறது?"

"நான் வெச்சுடறேங்க. நீங்க பக்கத்துல நில்லுங்க, போதும்."

"அத்தை என் கையால வெக்கச் சொன்னாங்க. ஏமாத்தி அப்பாவுக்குச் சோறு போடணுமா?"



மீதமிருந்த பத்து நாளும் காக்கையைத் தாஜா செய்வதிலேயே போயிற்று. ஜன்னல் வழியாக முறுக்கை நீட்டினார். மதில்மேல் வடை வைத்துவிட்டுப் பத்தடி தள்ளி நின்று, "வாம்மா, வாம்மா" என்று அழைத்தார். வடையை அணில் கொண்டுபோனது. காக்கை அணிலைக்கூட விட்டுவிட்டு இவரைத்தான் துரத்தியது.

இலை காய்ந்தது

திதி அன்று விடியற்காலையிலேயே அடுப்பைப் பற்றவைத்துவிட்டேன். வாழைக்காய், புடலங்காய்க் கூட்டு, மாமாவுக்குப் பிடித்த எண்ணெய்க் கத்திரிக்காய், பருப்பு வடை, பாயசம் என்று சமைத்து வைத்தேன். பதினொன்றரைக்கு அத்தை வந்தார். கூடவே குமரேசனும் பங்காளி வீட்டார் ஏழெட்டுப் பேரும் வந்தார்கள். அத்தைக்கு முழங்கால் வலி. வாசல் பக்கம் நாற்காலி போட்டு, மதில் தெரிகிற மாதிரி உட்கார்ந்துகொண்டார்.

மாமா படத்துக்கு முன்னால் தலைவாழை இலையில் படையல் போட்டுக் கற்பூரம் காட்டினோம். அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சம் எடுத்துச் சின்ன இலையில் வைத்து இவர் கையில் கொடுத்தேன். இவர் வேட்டியும் துண்டுமாக வாசலுக்கு வந்தார். வந்தவர், வழக்கப்படி ஆணியில் தொங்கிய ஹெல்மெட்டை எடுத்து மாட்டினார்.

அத்தை பார்த்தார். "என்னடா கோலம் இது? அப்பனுக்குச் சோறு வெக்கப் போறியா, மவுண்ட் ரோடுக்குப் போறியா?"

வேறு வழியில்லாமல் நான் காக்கைக் கதையைச் சொன்னேன். பங்காளிகளில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அத்தை சிரிக்கவில்லை. "கழட்டு. அப்பன் முன்னாடி தலைய மூடிக்கினு நிப்பாங்களா?" என்றார்.

கழற்றினார். மதில்மேல் இலையை வைத்தார். வைத்து முடிப்பதற்குள் ஆன்டெனாவிலிருந்து இரண்டும் இறங்கிவிட்டன. தலையில் ஒன்று, தோளில் ஒன்று. இவர் வாசலுக்கு ஓடி வந்தார். சாதம் தனியாகக் கிடந்தது.

"கா, கா" என்று எல்லோரும் கூப்பிட்டோம். எட்டுத் திக்கிலிருந்தும் காக்கைகள் வந்தன. தென்னை ஓலையில், ஒயரில், மொட்டைமாடிக் கைப்பிடியில் என்று வரிசையாக உட்கார்ந்து ஊரே கிடுகிடுக்கக் கத்தின. ஒன்றுகூட இலைப் பக்கம் வரவில்லை.

மணி பன்னிரண்டரை ஆயிற்று. மைனா ஜோடி மதில்மேல் நடந்தே வந்தது. இலையைச் சுற்றிப் பார்த்தது, கூட்டில் ஒரு வாய் வைத்தது, ஏதோ சொல்லிக்கொண்டு போய்விட்டது. அடுத்துத் தவிட்டுக்குருவிக் கூட்டம் வந்து வடையை இழுத்துப் போட்டுச் சண்டை பிடித்தது.

"எடுத்துடுச்சு அத்தை" என்றேன், ஒரு நப்பாசையில்.

"இதெல்லாம் கணக்குல சேராது. காக்கா எங்க?" கணக்கு டீச்சருக்கே கணக்குச் சொன்னார் அத்தை.

ஒரு மணி. உள்ளே சாம்பார் ஆறிக்கொண்டிருந்தது. பங்காளி ஒருவர் கொட்டாவி விட்டபடி, "குமரேசன் ஒரு தடவ வெச்சுப் பாக்கட்டுமே, எல்லாருக்கும் பசிக்குதுல்ல" என்றார். குமரேசன் நல்ல பையன். "நான் எதுக்கு சித்தப்பா, அண்ணனே வெக்கட்டும்" என்று பின்னால் நகர்ந்தான். ஆனால் அத்தை அவனைத் திரும்பிப் பார்த்தார்.

எனக்குத் தெரியும். குமரேசன் வைத்தால் கைப்பிடிச் சாதம் அரை நிமிஷத்தில் காலியாகிவிடும். அத்தனை பேர் முன்னால், அப்பா இவரை வேண்டாம் என்று சொன்னதாக ஆகிவிடும். காக்கைக்குப் பகை குஞ்சு விஷயத்தில் என்று யார் யோசிக்கப் போகிறார்கள்? உண்மையைச் சொன்னால், இவரே யோசித்திருக்க மாட்டார். வாசலில் நின்ற முகத்தைப் பார்த்தேன். சுடுகாட்டிலிருந்து திரும்பி வந்த அன்று இருந்த அதே முகம்.

"இன்னொரு தடவ வெக்கறேன்" என்றார். படையலிலிருந்து பருப்பும் நெய்யும் விட்ட சாதம் ஒரு கவளம் எடுத்துப் போனார். இலையில் வைத்தார். இந்தத் தடவை ஓடி வரவில்லை. மதிலுக்கு ஒரு எட்டு தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார்.

காக்கை இறங்கியது. நெற்றியில் விழுந்தது கொத்து. இவர் அசையவில்லை. அடுத்தது உச்சந்தலையில். அசையவில்லை. ரத்தம் காதோரமாக இறங்குவது எனக்குத் தெரிந்தது.

"உள்ள வாங்க, போதும்" என்று கத்தினேன். "வந்துரு அண்ணே" என்றான் குமரேசன். அவர் காதில் வாங்கவில்லை.

சரோஜா சொன்னது

அப்போதுதான் வேப்பமரத்திலிருந்து அந்தக் குஞ்சு இறங்கியது. இப்போது நன்றாக வளர்ந்து, தத்தித் தத்திப் பறக்கக் கற்றிருந்தது. அம்மாவும் அப்பாவும் காலையிலிருந்து சண்டையிலேயே இருந்தால் அதற்கு யார் சோறு போடுவது? மதில்மேல் விழாத குறையாக வந்து உட்கார்ந்தது. இலைக்குப் பக்கத்தில். சிவந்த வாயைத் திறந்து, இறக்கையை உதறிக்கொண்டு ஒரே அழுகை.

மறுபடி கொத்த வந்த காக்கை பாதியில் நின்றது. ஒயரில் உட்கார்ந்து இவரைப் பார்த்தது. குஞ்சைப் பார்த்தது. குஞ்சு விடாமல் கத்தியது. காக்கை மதிலில் இறங்கியது. இவரிடமிருந்து ஒரு கண்ணை எடுக்காமல், பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து, பருப்புச் சாதத்தில் ஒரு வாய் எடுத்துக் குஞ்சின் தொண்டைக்குள் திணித்தது. இன்னொரு வாய். இன்னொரு வாய்.

"எடுத்துடுச்சு" என்றான் குமரேசன்.

அத்தை விடுவாரா? "எங்க எடுத்துச்சு? அது திங்கலையே. அதும் புள்ளைக்கில்ல ஊட்டுது."

பாத்திரம் துலக்கிய ஈரக்கையோடு சரோஜா வந்து எட்டிப் பார்த்தாள். "இன்னாமா சொல்ற? அது அதும் புள்ளயே இல்ல. குயில் குஞ்சு."

"குயிலா?"

"கழுத்தாண்ட பாரு, காக்காக்கு கீற மாரி சாம்பல் கலரு கீதா? வாலு எம்மாம் நீட்டு. குயிலு காக்கா கூட்ல முட்டய வுட்டுட்டுப் பூட்சி. இத்துதான் அட காத்து இம்மாம் நாளா ஊட்டிக்கினு கீது. சாரு மண்டய கொத்துனதும் இதுக்கோசரம்தான்."

அத்தை நாற்காலியில் முன்னால் நகர்ந்து மதிலையே பார்த்தார். "தன் குஞ்சு இல்லன்னு அதுக்குத் தெரியாதா?"

"தெர்ஞ்சா இன்னா, தெர்லன்னா இன்னாமா? வாயத் தொறக்குது, ஊட்டுது."

சரோஜா பாத்திரத்துக்குத் திரும்பிப் போய்விட்டாள். தான் என்ன சொன்னோம் என்பதே அவளுக்குத் தெரியாது. இவர் மட்டும் முதுகைக் காட்டியபடி இன்னும் மதில் பக்கமே பார்த்து நின்றிருந்தார். தோள் குலுங்கியது. நான் அழுதேன். எதற்கு மறைக்க?

அத்தை நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார். முந்தானையால் இவர் நெற்றியைத் துடைத்தார். கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்து, மாமா படத்துக்கு முன்னால் போட்டிருந்த தலைவாழை இலையைக் காட்டினார்.

"உக்காரு."

"குமரேசன் உக்காரட்டும் அத்தை. நான் அப்புறமா..."

"அப்பனுக்குப் படைச்ச எலைடா அது. புள்ளதான் சாப்புடணும். உக்காரு."